பெட்டிக்குள் என்ன வைப்பது?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

யாராவது கணிப்பொறி வாங்கப் போகிறோம் என்று சொன்னால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "எத்தனை ஜி.பி.?" என்று கேட்கிறோம். அடுத்து, "என்ன கம்பெனி?" என்கிறோம். தம்பிமார் இருக்கும் வீடாயின், "கிராபிக்ஸ் கார்டு உண்டா?" என்ற கேள்வியும் வரும். கடைசி வரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இவ்வளவுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி எது, அது நல்லதா என்பதே அது. நாங்களும் கேட்கவில்லை. கேட்காததற்கு உரிய விலையைக் கொடுத்த பிறகுதான் இக்கட்டுரையை எழுதும் தகுதி எங்களுக்கு வந்தது.

எங்கள் வீடு தில்லை நகரின் கிராஸ் தெரு ஒன்றில், இரண்டாம் மாடியில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஒரு கடையில் சொல்லி, பாகங்களைச் சேர்த்து ஒரு கணிப்பொறி வாங்கினோம். பெட்டியை வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்றார்கள். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணிப்பொறிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவிக்குத்தான் அந்தப் பெயர். இலவசம் என்றதும் எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 2024 மே மாதத்தில் ஒருநாள் இரவு, மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. கருகிய வாடை வந்தது. அவ்வளவுதான். எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விட்டது. அந்த டிஸ்க்கில்தான் எங்கள் தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாள் படங்கள் இருந்தன. தாத்தா அதற்கு அடுத்த ஆண்டு காலமானார். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. பாட்டி எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே புதிய கணிப்பொறி வாங்குவது என்று முடிவானபோது, நாங்கள் மூவரும், அதாவது அக்காவும் தம்பியும் நாங்களுமாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். அதன் முதல் பக்கத்தில் எஸ்.எம்.பி.எஸ். என்று எழுதினோம். தம்பிக்கு இதில் உடன்பாடில்லை. "யாராவது சாம்பாரைப் பத்திப் பேசுறப்ப கேஸ் ட்யூபைப் பத்திப் பேசுவாங்களா?" என்றான். வெடித்த வீட்டில் பேசுவார்கள் அன்றோ!

சுவரில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணிப்பொறிக்கு வேண்டியதோ 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரம். பெரும்பகுதி வேலை 12 வோல்ட்டில்தான் நடக்கிறது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் '450' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அதைத் திருப்பிப் பக்கவாட்டுச் சீட்டைப் படித்தோம். 12 வோல்ட் வரிசைக்கு நேரே 16 ஆம்பியர் என்று சிறிய எழுத்தில் இருந்தது. திறன் என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கி வருவது என்று நம் அறிவியல் பாடத்தில் படிக்கிறோமே, அதைப் போட்டுப் பார்த்தோம். 12 × 16 = 192 வாட். நானூற்றைம்பது எங்கே, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எங்கே! தேர்வுக்கு மட்டும்தான் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கும் சூத்திரம் இரண்டே வரியில் பொய்யைப் பிடித்துக் கொடுத்தது. நல்ல 550 வாட் கருவி ஒன்றின் சீட்டில் 12 வோல்ட்டுக்கு நேரே 40 ஆம்பியரை ஒட்டி எழுதியிருப்பதைப் பின்னர் கண்டோம்.

இன்னொன்றும் உண்டு. வெளிவரும் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினாலோ, எங்காவது குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ, நல்ல கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மலிவானவற்றில் அந்தக் காவற்சுற்றுகள் இருப்பதில்லை, அல்லது பெயருக்கு இருக்கும். '80 பிளஸ்' என்ற முத்திரையைப் பார்த்துவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது 2004இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் முத்திரை. உள்ளே போகும் மின்சாரத்தில் எத்தனை பங்கு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதை அது சொல்லுமே தவிர, பாதுகாப்புக்கு அது உறுதிச் சீட்டு ஆகாது. முத்திரையோடு, காவற்சுற்றுகளின் பெயர்கள் அட்டையில் உள்ளனவா, ஐந்தாண்டாவது உத்தரவாதம் தருகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஐந்தாண்டு பொறுப்பேற்பவன் மோசமான சரக்கைக் கொடுத்தால் அவனுக்கே நஷ்டம் அல்லவா?

இனி மற்ற பாகங்களுக்கு வருவோம். அப்பா கொடுக்க இசைந்தது ரூ. 60,000. பாட்டி தம் சேமிப்பிலிருந்து ரூ. 10,000 தந்தார்கள். தம்பியின் உண்டியலில் ரூ. 2,300 இருந்தது. (அதை அவன் பலமுறை நினைவூட்டியதால் இங்கே எழுதுகிறோம்.) இந்தப் பணத்தில் இருவரின் தேவை நிறைவேற வேண்டும். தம்பிக்குப் பெரிய பெரிய விளையாட்டுகள் ஓட வேண்டும். அக்கா கட்டடக் கலை படிக்கிறாள். கட்டடங்களைப் பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாணமாக வரைந்து, வெயில் விழுவது போல் படமாக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு படத்துக்கும் தோழி வீட்டுக்குப் போய், இரவு எட்டு மணிக்கு மேல் அப்பா துணையுடன் திரும்பி வந்து கொண்டிருந்தாள்.

விளையாட்டு என்றதும் எங்கள் சித்தப்பா பயந்துவிட்டார். செய்தித்தாளில் வரும் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை எண்ணிக்கொண்டார். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் ஒரு சட்டம் இயற்றித் தடை செய்தது. அதே சட்டம் மின்-விளையாட்டுப் போட்டிகளை அங்கீகரிக்கிறது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அவற்றுக்குப் பதக்கமே வழங்கினார்கள். இரண்டும் வேறு வேறு என்று அவருக்கு விளக்கிச் சொன்னோம். அரைமனதாய்த் தலையசைத்தார்.

எந்தப் பாகத்தையும் விலை கேட்பதற்கு முன் எந்த விளையாட்டு, எந்தத் திரை என்று முடிவு செய்ய வேண்டும் என்பது நாங்கள் கண்ட உண்மை. எடுத்துக்காட்டாக, 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையற் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்து போயிருக்கும். நாம் யோசித்து இட்லியும் பிரியாணியும் சமைக்க வேண்டும். அது 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிசைப் பெற்றது. இப்படியொரு விளையாட்டுக்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. புனேயில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி' என்ற விளையாட்டில் ஒரு சிறுமி தன் தம்பியைத் தேடி அரக்கர்களோடு போரிடுகிறாள். அதற்குச் சுமாரான கார்டு வேண்டும். தம்பி கேட்கும் திறந்தவெளி விளையாட்டுகளுக்கோ நல்ல கார்டு வேண்டும். வெண்பா மட்டும் போதும் என்பவள் எழுபதாயிரம் செலவு செய்தால் அது வீண். வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டால் மிகப் பளுவான வேலையையே அளவாகக் கொள்ள வேண்டும்.

திரையைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். சாதாரண முழு எச்.டி. திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். விளையாட்டு வழவழப்பாகத் தெரிய வேண்டுமானால் விநாடிக்கு 60 முறை இத்தனை புள்ளிகளுக்கும் புதிதாக நிறம் தீட்ட வேண்டும். அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள்! தம்பி கேட்ட 4கே திரையில் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. திரையின் விலை மட்டும் கூடுவதில்லை. அதை நிரப்பும் கார்டின் விலையும் கூடும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் அவனே 24 அங்குல முழு எச்.டி. திரைக்கு இறங்கி வந்தான். நாங்கள் திட்டியிருந்தால் இறங்கியிருக்க மாட்டான்.

இந்தப் புள்ளிகளையெல்லாம் தீட்டுவது யார்? மார்கழி மாதத்தில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கோலமாயின் அனுபவமுள்ள ஓர் அக்கா எங்கே புள்ளி, எங்கே வளைவு என்று முடிவு செய்வார். சிறுமிகள் ஆளுக்கொரு கட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் வண்ணம் நிரப்புவார்கள். கணிப்பொறியில் பிராசஸர் அந்த அக்காவைப் போன்றது. கிராபிக்ஸ் கார்டு அந்தச் சிறுமிகளின் கூட்டம். நாங்கள் வாங்கிய பிராசஸரில் 6 கோர்கள். கார்டில் 3,584 கோர்கள். ஒவ்வொன்றும் தனியே எடுத்தால் எளிய வேலையைத்தான் செய்யும். ஆனால் சேர்ந்து செய்யும்போது அந்த ஆறால் இந்தக் கூட்டத்தின் அருகில்கூட வரமுடியாது. 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2023இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டின் சில்லில் 1,890 கோடி. எண்ணிப் பாருங்கள்!

ஆனால் அக்கா மெதுவாக இருந்தால் சிறுமிகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சிறுமிகள் நாலே பேர் என்றால் அக்காவின் வேகம் வீண். இதனால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நாங்கள் கேட்ட விலைப்பட்டியல்களில் ஒன்றில் மிக உயர்ந்த பிராசஸர் போட்டு, அதனுடன் பெயருக்கு ஒரு கார்டு போட்டிருந்தார்கள். விளம்பரத்தில் பிராசஸரின் பெயர்தானே பெரிதாகத் தெரிகிறது! விளையாட்டுக்கென்று கட்டும் பெட்டியில் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கார்டுக்குப் போவதே முறை என்பது எங்கள் கருத்து.

கார்டு வாங்கும்போது பெயரைக் கண்டு ஏமாறக் கூடாது. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 2022இல் 8 ஜி.பி. கார்டு ஒன்று வந்தது. 2024இல் 6 ஜி.பி. கார்டு ஒன்று வந்தது. நினைவகம் மட்டுமே குறைந்தது என்று நினைப்போம். கோர்களும் 2,560இலிருந்து 2,304ஆகக் குறைந்துவிட்டன. பெயர் அதேதான். எனவே பெயருடன் நினைவகத்தின் அளவையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்ததும் கார்டில்தான். 2023இல் வந்த 4060 கார்டு விளையாட்டில் வேகமானது. 115 வாட் மட்டுமே எடுக்கும். ஆனால் அதன் நினைவகம் 8 ஜி.பி. 2021இல் வந்த பழைய 3060 கார்டு கொஞ்சம் வேகம் குறைந்தது. 170 வாட் எடுக்கும். ஆனால் நினைவகம் 12 ஜி.பி. தம்பிக்குப் புதியது வேண்டும். அக்காவுக்கோ கட்டடம் முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் படம் பாதியில் நின்றுவிடும், அல்லது ஆமையாய் நகரும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 6600 இரண்டையும்விட மலிவு. முழு எச்.டி. விளையாட்டுக்கு அதுவே போதும். ஆனால் பிளெண்டரில் என்விடியா கார்டுகளின் கையே ஓங்கியிருக்கிறது. இரண்டு நாள் யாரும் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் தம்பியே வந்து, "12 ஜி.பி. வாங்கிக்க அக்கா. ஆனா லீவு நாள்ல காலையில எனக்கு" என்றான். இரவு எட்டு மணிக்கு மேல் அக்கா தெருவில் நடந்து வருவதை அவனும் பார்த்திருக்கிறான் போலும்.

பிராசஸரில் கடைசி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். இன்டெல்லின் கோர் ஐ5-12400எஃப் என்பதில் 'எஃப்' இருந்தால் உள்ளேயே படம் காட்டும் வசதி கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி என்பதில் 'ஜி' இருந்தால் அந்த வசதி உண்டு. பணம் குறைவாக உள்ளவர்கள் 'ஜி' வகையை வாங்கி, கார்டைப் பிறகு சேர்த்துக் கொள்ளலாம். நாங்கள் வாங்கியது எழுத்தே இல்லாத ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட் வகை, குளிர்விக்கும் விசிறி பெட்டியிலேயே வருகிறது.

இது உட்காரும் இருக்கைக்கு ஏ.எம்.4 என்று பெயர். 2016இல் வந்தது. அதற்கு அடுத்த ஏ.எம்.5 என்ற இருக்கை 2022இல் வந்தது. ஒன்றுக்கான பிராசஸர் மற்றதில் உட்காராது. ஏ.எம்.4க்கு டி.டி.ஆர்.4 நினைவகம், ஏ.எம்.5க்கு டி.டி.ஆர்.5. அதுவும் மாறாது. "அஞ்சு வருஷம் கழிச்சுப் புது பிராசஸர் மட்டும் மாத்தலாமா?" என்று அப்பா கேட்டார். ஏ.எம்.5 என்றால் மாற்றலாம், ஏ.எம்.4இன் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் ஏ.எம்.5இல் போனால் போர்டிலும் பிராசஸரிலும் சேர்த்துக் கூடுதலாகச் செலவாகும். அது கார்டின் பங்கிலிருந்து போகும். நாளைய வசதிக்காக இன்றைய வேலையைக் குறைக்க எங்களுக்கு மனமில்லை. தொண்ணூறாயிரம் இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்போம்.

நினைவகம் 16 ஜி.பி. எடுத்தோம். ஒரே 16 ஆக அல்ல, இரண்டு 8. இரண்டு குழாயில் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிப்பது போல் வேகம் கூடும். நாங்கள் 2025 மே மாதம் வாங்கினோம். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்காக உலகெங்கும் நினைவகத்தை வாங்கிக் குவித்ததால் விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது. இப்போது வாங்குவோர் எங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சேமிப்புக்கு 1 டி.பி. எஸ்.எஸ்.டி. விநாடிக்கு ஏழாயிரம் எம்.பி. என்று விளம்பரம் செய்யும் விலையுயர்ந்த வகை தேவையில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரியும், ஓர் எஸ்.எஸ்.டி.க்கும் இன்னோர் எஸ்.எஸ்.டி.க்கும் விளையாட்டில் அவ்வளவு தெரியாது.

அடுத்து பெட்டி. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாம் இருப்பது திருச்சி. எங்கள் அறை மேற்குப் பார்த்தது, மேலே மொட்டை மாடி, ஏ.சி. கிடையாது. மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவது இவ்வூரில் புதிதல்ல. வெளிநாட்டார் தம் ஆய்வுகளில் பிராசஸர் 70 டிகிரியில் ஓடுகிறது என்று எழுதும்போது அவர்களுடைய அறை இருபது, இருபத்தைந்து டிகிரியில் இருக்கிறது. நம் அறை பதினைந்து டிகிரி கூடுதல் என்றால் அந்த எழுபது எண்பத்தைந்தாகிவிடும். ரைசன் 5600க்கு உச்ச எல்லையே 90 டிகிரிதான். அதற்கு மேல் போகாமலிருக்க அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது காசு கொடுத்து வாங்கிய வேகம் வெயிலில் ஆவியாகிவிடும்.

தம்பி தேர்ந்தெடுத்து வைத்திருந்த பெட்டியின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே ஏழு வண்ண விளக்குகள். பார்க்க அழகுதான். ஆனால் காற்று எங்கே நுழையும்? மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போல. நாங்கள் முன்பக்கம் கம்பி வலையுள்ள பெட்டியை எடுத்தோம். முன்னால் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கும், பின்னால் ஒன்று வெளியே தள்ளும். முன்புறம் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்கிறது. சாஸ்திரி ரோட்டுத் தூசி இரண்டே வாரத்தில் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. கழுவும் முறை தம்பியுடையது. பெட்டிக்குள் கார்டு நீளவாட்டில் அடங்குமா என்று அங்குல நாடாவால் அளந்து பார்ப்பதும் அவசியம்.

முழுப் பளுவில் இந்தக் கணிப்பொறி ஏறக்குறைய 300 வாட் எடுக்கும். பிராசஸர் 76, கார்டு 170, மற்றவை 50 என்று கூட்டிக் கொண்டோம். 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதும் என்று கண்டதும் இந்தக் கணக்கினால்தான். அந்த 300 வாட்டும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் இறங்குகிறது. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 18 யூனிட். இரண்டு மாத மின்கணக்கில் 36 யூனிட். அப்பா இதைத்தான் முதலில் கேட்டார்.

கடைகளுக்குப் போன கதையையும் சொல்ல வேண்டும். திருச்சியில் மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்கினோம். ஒரு கடையில் நாங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் கடைக்காரர் தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார். அவனுக்கோ வயது பன்னிரண்டு. "பாப்பா, உங்களுக்கு இதெல்லாம் குழப்பமா இருக்கும். பட்ஜெட் சொல்லுங்க, நான் போட்டுத் தர்றேன்" என்றார். அவர் போட்டுத் தந்த பட்டியலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெயரே இல்லை. '500 வாட்' என்று மட்டும் இருந்தது. "12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் அண்ணா?" என்று கேட்டோம். பெட்டியைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, வேறொன்றை எடுத்து வரச் சொன்னார். நாங்கள் அங்கே வாங்கவில்லை. ஆனால் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு இருக்கிறது. ஒருகாலத்தில் வானொலி உதிரிபாகங்களுக்குப் பேர்போன தெரு. இன்று கணிப்பொறிப் பாகங்களுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் அங்கே போகிறார்கள். சென்னையில் இருக்கும் சித்தப்பா அங்கே விசாரித்ததில் மொத்தத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் குறைவாக வந்தது. ஆனால் ஒரு பாகம் பழுதானால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அனுப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும். எனவே கார்டை மட்டும் அங்கே வாங்கி, மற்றவற்றை இங்கேயே வாங்கினோம். எங்கே வாங்கினாலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்ட ரசீது வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் அதில் எழுதியிருக்க வேண்டும். ரசீது இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் உத்தரவாதத்தைப் பிறகு கேட்க முடியாது. கார்டு 24,500, பிராசஸர் 11,000, போர்டு 8,500, நினைவகம் 3,500, எஸ்.எஸ்.டி. 5,500, எஸ்.எம்.பி.எஸ். 4,500, பெட்டி 4,000, திரை 9,000, விசைப்பலகையும் மவுஸும் 1,500. ஆக மொத்தம் ரூ. 72,000. உண்டியல் பணத்தில் 300 மிச்சம், ஐஸ்கிரீம் வாங்கினோம்.

பாகங்கள் வந்ததும் உடனே மாட்டவில்லை. முதலில் மின்பணியாளரை அழைத்து, அறையின் மூன்று துளைப் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். துளை இருந்தது, உள்ளே கம்பி இல்லை! பழைய கணிப்பொறியைத் தொட்டால் அவ்வப்போது விரலில் சுரீர் என்றதன் காரணம் அன்றுதான் விளங்கியது. அதைச் சரி செய்தோம். வீட்டிலிருந்த யு.பி.எஸ். 600 வி.ஏ. என்று போட்டிருந்தாலும் தாங்குவது 360 வாட்டே. திரையும் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். அப்பா தனிக் கணக்கில் பெரியதாக ஒன்று வாங்கித் தந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பூட்டினோம். ரைசன் 5600இன் அடியில் 1,331 ஊசிகள் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் பதினோராயிரம் ரூபாய் போயிற்று. அதை இருக்கையில் வைத்தபோது யாரும் மூச்சு விடவில்லை. எல்லாம் முடிந்து பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுழன்றன. திரையில் ஒன்றுமே தெரியவில்லை. தம்பி அழவே ஆரம்பித்துவிட்டான். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பார்த்தோம், திரையின் வடத்தைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தோம். கடைசி எழுத்தைப் பற்றி நோட்டில் பக்கம் பக்கமாய் எழுதிய நாங்களே!

தாத்தாவின் படங்களைப் பற்றிக் கேட்பீர்கள். அவை திரும்பவில்லை. உறவினர்களின் கைப்பேசிகளில் தேடியதில் பதினொன்று கிடைத்தன. அவை இப்போது எஸ்.எஸ்.டி.யிலும், அலமாரியில் வைத்துள்ள ஒரு தனி டிஸ்க்கிலும், அக்காவின் பென் டிரைவிலும் இருக்கின்றன.

புதிய கணிப்பொறியில் முதலில் ஓட்டியது தம்பியின் விளையாட்டை அல்ல. பாட்டியை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்து 'வெண்பா'வைத் திறந்தோம். இந்தப் பெரிய கார்டுக்கு அது கொசுவை விரட்டுவது போன்ற வேலை. விசிறி சத்தமே கேட்கவில்லை. திரையில் இட்லித் தட்டுகளை அடுக்குவதைப் பாட்டி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கவனித்தார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாஞ் சரி, மாவு புளிச்சிருக்கான்னு யாரு பாத்தா?" என்று கேட்டார்கள்.